ஈஈஜி, எஃப்எம்ஆர்ஐ சோதனைகளில் தூண்டல் நேரத் துல்லியம்: ட்ரிகருக்கும் திரை ஒளிக்கும் நடுவே 22 முதல் 39 மி.செ. வரை சிதறல்

அலைமுகடு எழுதியது:

அமைப்பு இதுதான். 60 ஹெர்ட்ஸ் எல்சிடி திரை, 64 சேனல் ஈஈஜி (தலையில் ஒட்டிய மின்முனைகளால் மூளையின் மின்னலைகளைப் பதிவது), 1000 ஹெர்ட்ஸ் சாம்ப்ளிங், சைக்கோபையில் (சோதனைகளை எழுத உதவும் பைதான் மென்பொருள்) எழுதிய நிரல். திரையின் நடுவில் படம் தோன்றும். ட்ரிகர், அதாவது 'படம் இப்போது வந்தது' என்று ஈஈஜி பதிவில் குறியிடும் துடிப்பு, யுஎஸ்பி சீரியல் பெட்டி வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. படம் வரும் அதே ஃப்ரேமில் வலது கீழ் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். அதன்மேல் ஒட்டிய ஃபோட்டோடையோடு (ஒளி உணரி) துணைச் சேனலில் பதிவாகிறது.

நிரலின் பதிவேட்டில் எல்லா ஃப்ரேமும் 16.7 மில்லி செகண்ட் என்றே இருக்கிறது. ஆனால் ட்ரிகருக்கும் ஒளி ஏறும் கணத்துக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறுகிறது: குறைந்தது 22, கூடியது 39. ஹிஸ்டோகிராம் மணி வடிவில் இல்லை, தட்டையாக இருக்கிறது. சராசரியான 30 மி.செ.யைக் கழித்துவிட்டால் போதுமா?

இன்னொன்று. இதே நிரலை எஃப்எம்ஆர்ஐயில் (மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) ஓட்டினால் (டிஆர், அதாவது ஒரு முழு மூளைப் படத்துக்கான நேரம், 2 வினாடி; அப்படி 300 வால்யூம்கள், அதாவது முழு மூளைப் படங்கள்; திரையில் 4 வினாடிக்கு ஒரு படம்) 10 நிமிட ஓட்டத்தின் முடிவில் படங்கள் திட்டமிட்ட நேரத்தைவிட 3 வினாடி பின்தங்கிவிடுகின்றன. இரண்டும் ஒரே கோளாறா?

---

காலக்கோடு எழுதியது:

இரண்டும் வேறு வேறு. முதலாவதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

39-லிருந்து 22-ஐக் கழித்தால் 17. சரியாக ஒரு ஃப்ரேம். அந்த அகலமும் தட்டையான வடிவமும் சேர்ந்து வந்தாலே காரணம் கிட்டத்தட்ட உறுதி: ட்ரிகர் ஃப்ளிப்புக்கு (வரைந்து வைத்த படத்தைத் திரைக்கு மாற்றும் கட்டளை) முன்னால் போகிறது. நிரலில் படத்தை வரைந்து, சீரியல் போர்ட்டில் எழுதி, அதன்பிறகு ஃப்ளிப்பை அழைத்திருப்பீர்கள். ஃப்ளிப் அடுத்த ரிஃப்ரெஷ் வரும்வரை காத்திருக்கும். ட்ரிகர் காத்திருக்காது. படங்களுக்கு நடுவிலான இடைவெளியை வெயிட் கட்டளையால் விட்டிருந்தால், நிரல் அந்த வரிக்கு வரும்போது ஃப்ரேம் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. ஆகவே 0 முதல் 16.7 வரை எந்தக் காத்திருப்பும் சம வாய்ப்போடு வரும்.

திருத்தம் ஒரே வரி. ட்ரிகர் எழுதும் கட்டளையை விண்டோவின் 'கால்ஆன்ஃப்ளிப்'பில் பதிவு செய்யுங்கள், அல்லது ஃப்ளிப் திரும்பி வந்த அடுத்த வரியில் வையுங்கள். சைக்டூல்பாக்ஸில் (இதே வேலைக்கான மேட்லாப் கருவித்தொகுப்பு) எழுதுபவர்களுக்கும் இதே வரிசைதான்: ஸ்க்ரீன் ஃப்ளிப், உடனே ட்ரிகர், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

> சராசரியான 30 மி.செ.யைக் கழித்துவிட்டால் போதுமா?

போதாது. நிலையான தாமதம் அலையை நகர்த்தும், அவ்வளவுதான். கழித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். சிதறல் அலையின் வடிவத்தையே மழுக்குகிறது. சராசரி எடுக்கும்போது அது ஒரு லோ-பாஸ் ஃபில்டர் (வேகமான அலைகளை அடக்கும் வடிகட்டி) போல வேலை செய்யும். 16.7 மி.செ. அகலத் தட்டைச் சிதறலின் திட்ட விலக்கம் 4.8 மி.செ. அதில் 10 ஹெர்ட்ஸ் கூறு சுமார் 95 சதவீதம் தப்பிக்கும். 40 ஹெர்ட்ஸ் கூறில் 41 சதவீதம்தான் மிஞ்சும். பி300 (படம் வந்து சுமார் 300 மி.செ. கழித்து எழும் ஈஈஜி அலை) மாதிரி அகலமான அலையைப் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. பி1 என்ற முந்திய, குறுகிய அலையின் உச்சத்தையோ காமா பட்டையையோ (40 ஹெர்ட்ஸ் போன்ற வேகமான அலைகள்) அளப்பவர்களுக்கு முடிவே மாறிவிடும். மணி வடிவச் சிதறலாக இருந்து திட்ட விலக்கம் 10 மி.செ. ஆகிவிட்டால் இன்னும் மோசம்: 10 ஹெர்ட்ஸில் 82 சதவீதம், 40 ஹெர்ட்ஸில் வெறும் 4 சதவீதம்.

நல்ல செய்தி, ஏற்கெனவே எடுத்த தரவு வீணாகவில்லை. ஒளி துணைச் சேனலில் பதிவாகியிருப்பதால் ட்ரிகரை 'எந்த வகைப் படம்' என்று அறிய மட்டும் வைத்துக்கொண்டு, எபோக்கின் (ஒவ்வொரு படத்தையும் சுற்றி வெட்டும் பதிவுத் துண்டு) பூஜ்யப் புள்ளியை ஒளி ஏறும் விளிம்பில் வைத்து மறுபடி வெட்டுங்கள். சிதறல் 1 மி.செ.க்குள் வந்துவிடும்.

---

திரைவரி எழுதியது:

காலக்கோடு சொன்னது சரி. ஆனால் ஒளி விளிம்பை அப்படியே பூஜ்யமாக எடுக்காதீர்கள். ஃபோட்டோடையோடு கீழ் மூலையில் இருக்கிறது, படம் நடுவில் இருக்கிறது.

எல்சிடி திரை ஒரே கணத்தில் மாறுவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் புதுப்பிக்கிறது. 60 ஹெர்ட்ஸில் அதற்குக் கிட்டத்தட்ட 16 மி.செ. ஆகும். உங்கள் மிச்சமான 22-ஐப் பிரித்தால் ஏறக்குறைய இப்படி வரும்: கீழ் வரியை எட்ட 16, பிக்சல் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏற 5 அல்லது 6. சீரியல் பெட்டியின் தாமதம் ஒன்றிரண்டு மி.செ. எதிர்த்திசையில் இருக்கலாம். இதன்படி படத்தின் நடுப்பகுதி, ஃபோட்டோடையோடு காட்டுவதைவிட 8 மி.செ. முன்னதாகவே ஒளிர்ந்துவிட்டது. வெட்டும்போது அந்த 8-ஐத் திருத்துங்கள். இனிமேல் செய்யும் பதிவுகளுக்கு வெள்ளைச் சதுரத்தை மூலையிலிருந்து எடுத்து, படத்தின் நடு உயரத்துக்கு நேராக இடது அல்லது வலது ஓரத்தில் வையுங்கள். ஒரே கிடைவரியில் இருந்தால் திருத்தமே வேண்டாம்.

ட்ரிகரை ஃப்ளிப்போடு கட்டிய பிறகும் 22-க்குப் பதிலாக 38 அல்லது 39 என்று நிலையாக வந்தால், இயங்குதளத்தின் கம்போசிட்டர் (எல்லா ஜன்னல்களையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் பகுதி) இடையில் உட்கார்ந்து ஒரு ஃப்ரேமைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். முழுத்திரை முறையில் ஓட்டுங்கள். மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் இருந்தால் ஒன்று வரைந்ததை இன்னொன்று நகலெடுத்துத் திரைக்கு அனுப்பும், அதிலும் இதே தாமதம் வரும். மாறும் ரிஃப்ரெஷ் வீத வசதி, இரவு ஒளி, திரையின் உள்ளேயே இருக்கும் 'படத்தை மெருகேற்றும்' அமைப்புகள், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டிவியைத் திரையாக வைத்திருந்தால் கேம் மோடு கட்டாயம். இல்லாவிட்டால் உள் செயலாக்கமே பல ஃப்ரேம் விழுங்கும்.

சைக்டூல்பாக்ஸில் 'ஸ்கிப்சிங்க்டெஸ்ட்ஸ்' (திரையின் நேரச் சோதனையைத் தவிர்க்கும் அமைப்பு) 1 என்று போட்டுவிட்டுத் தரவு எடுக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அந்தப் பிழைச்செய்தி சும்மா வருவதில்லை. நிரல் எழுதும்போது மட்டும் அதைத் தாண்டலாம். பங்கேற்பாளர் உட்கார்ந்த பிறகு கூடாது.

---

சுருள்காந்தம் எழுதியது:

3 வினாடிப் பின்னடைவுக்கு வருவோம். 600 வினாடியில் 4 வினாடிக்கு ஒன்று என்றால் 150 படங்கள். 3 வினாடியை 150-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 20 மி.செ. கணக்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

'படம் காட்டு, 1 வினாடி காத்திரு, வெற்றுத்திரை, 3 வினாடி காத்திரு, அடுத்தது' என்று நிரல் ஓடுகிறது. ஒவ்வொரு காத்திருப்பும் முந்தையது முடிந்த இடத்திலிருந்து தொடங்குவதால், நடுவில் ஆகும் செலவெல்லாம் மேலே ஏறிக்கொண்டே போகும். ஃப்ளிப் அடுத்த ரிஃப்ரெஷுக்குக் காத்திருப்பது, வட்டிலிருந்து படத்தை ஏற்றுவது, பதிவேட்டில் எழுதுவது, எதுவுமே திரும்பக் கழிக்கப்படுவதில்லை.

சிலர் இதற்கு ஸ்கேனர் கடிகாரமும் கணினிக் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்பார்கள். படிகக் கடிகாரங்களின் வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பத்துகள்தான். 50 என்றே வைத்தாலும் 10 நிமிடத்துக்கு 30 மி.செ. உங்களுடையது பத்து லட்சத்துக்கு 5000. அது நிரலின் வேலை.

மாற்ற வேண்டியது: எல்லாத் தொடக்க நேரங்களையும் முதல் ஸ்கேனர் ட்ரிகரிலிருந்து (ஸ்கேனர் நிரலுக்கு அனுப்பும் துடிப்பு) அளந்த முழு நேரங்களாகப் பட்டியலிடுங்கள், 0, 4, 8, 12 என்று. 'இவ்வளவு நேரம் காத்திரு' என்ற கட்டளையே நிரலில் இருக்கக் கூடாது. 'கடிகாரம் இவ்வளவு காட்டும்வரை காத்திரு' என்றுதான் இருக்க வேண்டும். ஃப்ளிப்புக்கு இலக்கு நேரத்தைக் கொடுக்கும்போது அரை ஃப்ரேம் முன்னதாகக் கொடுங்கள், 8 மி.செ. போல. சரியாக எல்லையில் கொடுத்தால் கணிப்பில் வரும் நுண்ணிய பிழை சில முறை அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளிவிடும். ஒரு படம் தாமதமானாலும் அடுத்தது தன் இடத்துக்கே வரும்.

ஸ்கேனர் ட்ரிகரிலும் சில குழிகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் அது விசைப்பலகையின் 5 அல்லது டி எழுத்தாக வரும். வால்யூமுக்கு ஒன்றா, ஸ்லைஸுக்கு (வால்யூமின் ஒரு அடுக்கு) ஒன்றா என்று முதலில் கேளுங்கள். டம்மி ஸ்கேன்களின்போது (தொடக்கத்தில் எடுத்துக் கைவிடும் ஸ்கேன்கள்) துடிப்பு வருமா என்பது ஸ்கேனரையும் சீக்வென்ஸையும் பொறுத்தது. வரும் என்று நினைத்து வராமல் போனாலோ, வராது என்று நினைத்து வந்தாலோ பூஜ்யப் புள்ளி சில டிஆர் தள்ளிப்போகும். சில ட்ரிகர் பெட்டிகள் டாகிள் முறையில் இருக்கும்: ஒரு துடிப்புக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. ஏறும் விளிம்பை மட்டும் படிக்கும் நிரல் பாதியைத் தவறவிடும். இதெல்லாவற்றுக்கும் ஒரே சோதனை போதும். ஃபாண்டம் (ஆளுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து ஒரு முழு ஓட்டம் எடுத்து, வந்த துடிப்புகள் அத்தனையையும் நேரத்தோடு பதியுங்கள். 300 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் டாகிள். 304 வந்தால் டம்மியையும் எண்ணியிருக்கிறது.

---

நடுவிசை எழுதியது:

எஃப்எம்ஆர்ஐக்கு இவ்வளவு தேவையா? இரத்த ஓட்ட மறுமொழி உச்சத்துக்கு வரவே 5, 6 வினாடி ஆகும். 20 மி.செ. அங்கே என்ன செய்துவிடும்?

---

சுருள்காந்தம் எழுதியது:

தனித்தனியாக 20 மி.செ. ஒன்றும் செய்யாது, அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து 3 வினாடி ஆனால் மாதிரியின் உச்சம் இருக்கும் இடத்தில் தரவின் உச்சம் இருக்காது. ஓட்டத்தின் முதல் பாதி பொருந்தும், பின்பாதி பொருந்தாது. விளைவு மெலிந்து தெரியும், அதை 'பழகிப்போனதால் மறுமொழி குறைந்தது' என்று தவறாகப் படிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு நிபந்தனைகளில் ஒன்றின் படங்கள் பெரிய கோப்புகளாக இருந்து ஏற்ற அதிக நேரம் எடுத்தால் பிழை ஒரு பக்கமாகவே சாயும்.

அலைமுகடு, உங்கள் பதிவேட்டில் உண்மையான ஃப்ளிப் நேரங்கள் இருந்தால் அந்தத் தரவையும் மீட்கலாம். ஜிஎல்எம்மில் (மூளைத் தரவோடு படங்களின் நேரத்தைப் பொருத்தும் புள்ளியியல் மாதிரி) திட்டமிட்ட நேரங்களுக்குப் பதிலாக, முதல் ட்ரிகரிலிருந்து கழித்த உண்மை நேரங்களைக் கொடுங்கள். கடைசிப் படத்துக்குப் பின் மறுமொழி முழுதாகப் பதிவானதா என்று மட்டும் பாருங்கள்; 3 வினாடி தள்ளிப்போனதால் ஸ்கேன் முன்னதாக முடிந்திருக்கலாம்.

---

புதுநரம்பு எழுதியது:

ஃபோட்டோடையோடு வாங்கவில்லை, செய்துகொள்ள முடியுமா? என்ன பாகங்கள் வேண்டும்?

---

மின்தடை எழுதியது:

முடியும். பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு ஒன்று, 10 முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், பேட்டரி. கேதோடு நேர்முனைக்கு, ஆனோடிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு, ஆனோடும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் வெளியீடு. அதாவது டையோடு தலைகீழ் பயாஸில் இருக்க வேண்டும். ரெசிஸ்டர் கூடினால் சிக்னல் கூடும், வேகம் சற்றே குறையும். 100 கிலோ ஓமில்கூட வேகம் நமக்குத் தாராளம். டிடிஎல் துடிப்பாக (0 அல்லது 5 வோல்ட் என்ற டிஜிட்டல் சிக்னல்) வேண்டுமானால் எல்எம்393 கம்பேரேட்டரை (இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சிப்) சேர்க்கலாம். அதன் வெளியீடு ஓபன் கலெக்டர், 10 கிலோ ஓம் புல்-அப் இல்லாமல் ஒன்றுமே வராது. கம்பேரேட்டரின் வரம்பைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் பாதியில் வையுங்கள்.

பாதுகாப்பு: ஆள் இணைக்கப்பட்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரில், மின்சுவரிலிருந்து சக்தி பெறும் எந்தச் சர்க்யூட்டையும் மின்முனை உள்ளீட்டில் செருகவே கூடாது. பேட்டரி மட்டும். அதுவும் தயாரிப்பாளர் துணைச் சென்சாருக்கென்று தந்த உள்ளீட்டில், அதன் மின்னழுத்த எல்லைக்குள். அர்டுயினோவை மேசைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது ஆளை இணைக்காதீர்கள். ஊனோவில் ஒரு அனலாக் வாசிப்புக்குச் சுமார் 0.1 மி.செ. ஆகும், இந்த வேலைக்கு அது போதும். எம்ஆர்ஐ அறைக்குள் பேட்டரியோடு இதைக் கொண்டுபோகவே வேண்டாம். ப்ராஜெக்டர் இருக்கும் வெளியறையிலேயே ஒளிக்கற்றையின் ஓரத்தில் பிடித்து அளக்கலாம். எம்இஜி (மூளையின் காந்தப்புலத்தை அளப்பது) அறைக்கும் அப்படித்தான்: ஒளியை ஃபைபர் வழியே வெளியே எடுத்து, சென்சாரை வெளியில் வையுங்கள்.

அலைக்காட்டியில் வெள்ளைச் சதுரத்தின் சிக்னல் சமமாக இல்லாமல் பற்களாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஒளியைக் குறைக்கும் திரைகள் அப்படித்தான் தெரியும். பிரகாசத்தை 100 சதவீதத்துக்கு ஏற்றினால் பல திரைகளில் அது மறைந்துவிடும்.

---

செவிப்பறை எழுதியது:

படத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஒலியில் இதைவிட மோசமாகத் தவறும். திரைக்காவது ஃப்ரேம் என்ற எல்லை இருக்கிறது. ஒலிக்கு இயங்குதளத்தின் மிக்ஸர், டிரைவர், பஃபர் என்று அடுக்கடுக்காகத் தாமதம், ஒவ்வொன்றும் அன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும்.

விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் அல்லது வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறை (இரண்டும் மிக்ஸரைத் தாண்டிச் செல்லும் வழிகள்), சைக்டூல்பாக்ஸில் சைக்போர்ட்ஆடியோ என்ற ஒலிக் கட்டளை. சைக்கோபையிலும் ஒலி நூலகமாக அந்த பிடிபி (சைக்டூல்பாக்ஸின் சுருக்கம்) பின்தளத்தையே தேர்ந்தெடுங்கள். சாதனமும் கோப்பும் ஒரே சாம்ப்ளிங் வீதத்தில் இருக்கட்டும். 44100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் 5.8 மி.செ. 1024 என்றால் 23. மிகச் சிறிதாக வைத்தால் ஒலி வெடிக்கும், ஒரு படி ஏற்றுங்கள். தொடக்க நேரத்தை முன்கூட்டியே சொல்லி ஒலிக்கச் செய்யும் வசதியைப் பயன்படுத்தினால் பஃபரின் அளவு சிதறலாக மாறாது.

எம்பி3 வேண்டாம். அந்த என்கோடிங் முறை கோப்பின் தொடக்கத்திலேயே வெற்று ஒலியைச் சேர்த்துவிடும், 20 மி.செ.க்கு மேல்கூடப் போகும். வேவ் கோப்புதான், அதையும் அலைத்திருத்தியில் திறந்து முதல் சாம்பிளிலேயே ஒலி தொடங்குகிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனைப் பற்றிப் பேச்சே வேண்டாம், 100 மி.செ.க்கு மேலே தாமதம், நிலையாகவும் இருக்காது.

எம்ஆர்ஐ, எம்இஜி அறைகளில் காற்றுக்குழாய் வழியே ஒலி போகும். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் என்பதால் 3 மீட்டர் குழாய்க்கு 9 மி.செ. இது நிலையானது, கழித்துவிடலாம். ஆனால் சென்சாரைக் குழாயின் எந்த முனையில் வைத்து அளந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

அளக்கும் வழி எளிது. ஸ்டீரியோ கோப்பின் இடது தடத்தில் தூண்டல், வலது தடத்தில் அதே கணத்தில் ஒரு கூர்மையான கிளிக். இடதை இரு காதுக்கும் அனுப்புங்கள், வலதை ஆம்ப்ளிஃபையரின் துணை உள்ளீட்டுக்கு. இரண்டு தடமும் ஒரே சாதனத்திலிருந்து வெளியேறுவதால் பிரியாது.

---

அலைமுகடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ட்ரிகரை கால்ஆன்ஃப்ளிப்புக்கு மாற்றியதும் இடைவெளி 21-22 மி.செ.யில் நிலைத்துவிட்டது. ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு முறை 38 என்று ஒரு தாவல் வருகிறது. கூடவே அவ்வப்போது 7 என்ற குறியீட்டு எண் ஈஈஜி கோப்பில் தெரிகிறது. நிரல் 3, 4 இரண்டை மட்டுமே அனுப்புகிறது.

---

காலக்கோடு எழுதியது:

7 முதலில். 3 என்பது இரும எண்ணில் 011, 4 என்பது 100. மூன்று பிட்டும் ஒரே கணத்தில் மாறாது. இடையில் ஒரு நொடிப்பொழுது 111 நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபையர் அதை 7 என்று படித்துவிடும். 3-லிருந்து நேராக 4-க்குப் போகிறீர்கள் என்றால், ட்ரிகரை 0-க்கு இறக்கவே இல்லை என்று பொருள். அதே 3 இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் விளிம்பே இருக்காது, இரண்டாவது பதிவாகாமல் போகும். அந்த இழப்பையும் எண்ணிப் பாருங்கள். துடிப்பு 5 முதல் 10 மி.செ. நிற்கட்டும், பிறகு 0. 1000 ஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்கில் 1 மி.செ.க்குக் குறைந்த துடிப்பு இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். அதற்காக ஃப்ளிப் வளையத்துக்குள் 10 மி.செ. ஸ்லீப் போடாதீர்கள், அதுவே ஃப்ரேமைத் தின்னும். அடுத்த ஃப்ளிப்பில் 0 அனுப்புங்கள், துடிப்பு தானாக 16.7 மி.செ. ஆகிவிடும்.

---

திரைவரி எழுதியது:

நூற்றுக்கு ஒன்றாக வரும் 38, கிராஃபிக்ஸ் கார்டு ஃப்ளிப் முடிந்ததாகச் சொன்ன பிறகு படம் ஒரு ஃப்ரேம் தள்ளி வெளிவந்ததால் வருவது. நிரல் தாமதமாக ஃப்ளிப்பை அழைத்திருந்தால் ட்ரிகரும் கூடவே தாமதமாகியிருக்கும், இடைவெளி மாறாது; ஆகவே சந்தேகம் திரை அமைப்பின்மேல்தான். மேற்பார்வையாளருக்காக இன்னொரு திரையை மிரர் செய்திருக்கிறீர்களா? ஒன்று 60, இன்னொன்று 59.94 ஆக இருந்தால் கார்டு எதைப் பின்பற்றும் என்று சொல்ல முடியாது, இப்படி எப்போதாவது தாவும். மிரரை எடுத்துவிட்டு வீடியோ பிரிப்பான் பெட்டி போடுங்கள்.

கையோடு ஃப்ரேம் விடுபடுதலையும் பாருங்கள். அதை ட்ரிகர் இடைவெளியில் தேடாதீர்கள், ஃபோட்டோடையோடு சேனலில் படத்தின் கால அளவில் தேடுங்கள். ஏறும் விளிம்பிலிருந்து இறங்கும் விளிம்பு வரை அளந்தால் 50 மி.செ. படத்துக்கு 3 ஃப்ரேம் வர வேண்டும், 67 வந்தால் ஒன்று கூடியிருக்கிறது. 4000 பிக்சல் அகலப் புகைப்படத்தை அப்படியே ஏற்றாமல், காட்டும் அளவுக்குச் சுருக்கி, ஓட்டம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் டெக்ஸ்ச்சராக (கிராஃபிக்ஸ் கார்டு உடனே வரையக்கூடிய வடிவம்) மாற்றி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

60 ஹெர்ட்ஸில் 40 மி.செ. படம் என்று ஒன்று கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 33 அல்லது 50தான் கிடைக்கும். கட்டாயம் 40 வேண்டுமானால் 100 ஹெர்ட்ஸில் 4 ஃப்ரேம்.

---

நடுவிசை எழுதியது:

ஒருமுறை அளந்து நிலையான தாமதம் தெரிந்துவிட்டால் ஃபோட்டோடையோடைக் கழற்றிவிடலாமே? ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் ஒட்ட வேண்டுமா?

---

காலக்கோடு எழுதியது:

விட்டுவைக்கவே சொல்வேன். டிரைவர் புதுப்பிப்பு, திரை அமைப்பு, யாரோ செருகிய இரண்டாவது திரை, எது எப்போது மாறியது என்று பதிவுக்குப் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. சேனல் இருந்தால் அந்தக் கோப்பிலேயே பதில் இருக்கும். துணைச் சேனல் இல்லாத இடங்களில் ஒவ்வொரு பதிவு நாளிலும் ஆள் வரும் முன் 200 படங்கள் ஓட்டி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

சென்சார் வெள்ளைச் சதுரத்தை முழுதாக மூட வேண்டும். ஓரத்தில் ஒளி கசிந்தால் பங்கேற்பாளரின் கண்ணுக்கு அதுவே இன்னொரு தூண்டல், பின்தலை மின்முனைகளில் அதற்கும் ஒரு மறுமொழி வரும். கறுப்பு டேப்பைச் சதுரத்தைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக ஒட்டுங்கள். அறை விளக்கை அணைத்து, பங்கேற்பாளரின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். சதுரம் மினுங்குவது தெரிந்தால் இன்னும் ஒரு அடுக்கு.